வயலில் நிற்பவரின் பெயர்

மங்கலம்பேட்டையிலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் சாலையின் இருமருங்கிலும் நடவுக் காலங்களில் அண்மை ஆண்டுகளாக ஒரு புதிய காட்சியைக் காண்கிறோம். சேடை கலக்கிய வயலில் வரிசையாகக் குனிந்து நாற்று நடுவோர் அனைவரும் ஆண்கள். நடவு என்றால் பெண்டிர் தொழில் என்றே வழிவழியாக எண்ணிப் பழகியவர் நாம். நாற்றங்காலில் பறித்த முடியை ஆண்கள் சுமந்து வந்து வரப்பிலிருந்து வீச, பெண்கள் நடுவதே நம் ஊர் வழக்கம். இன்றோ மேற்கு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஏக்கருக்கு இவ்வளவு எனக் கூலி பேசிக்கொண்டு, விடியலில் இறங்கிப் பொழுது சாய்வதற்குள் வயலை முடித்துக் கரையேறுகின்றனர். சாலையில் செல்வோர் வண்டியை நிறுத்திக் கைப்பேசியில் படம் பிடிக்கின்றனர். அப்படம் அன்று மாலையே ஊர் முழுதும் சுற்றி வருகிறது. அதில் இருப்பவர் யார் என்று கேட்டால் 'வடக்கத்தியான்' என்பதே விடை. அதற்கு மேல் எவரும் கேட்பதுமில்லை, எவருக்கும் தெரிவதுமில்லை.

எம் மாணவர் சிலர் இவர்களுள் ஒருவரின் வாழ்வைப் பற்றிப் பத்து நிமிட ஆவணப்படம் ஒன்று எடுக்க விரும்பி எம்மிடம் கருத்துக் கேட்டனர். அவர்கள் கொண்டுவந்த திட்டத்தைப் படித்துப் பார்த்தோம். சேற்றில் புதைந்த கால், வெடித்த கை, மோட்டார்க் கொட்டகையில் எரியும் அடுப்பு, கைப்பேசியில் ஊரிலுள்ள குழந்தையுடன் பேச்சு, பின்னணியில் புல்லாங்குழல் என்று காட்சிகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. பார்ப்பவர் கண் கலங்குவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அத்திட்டத்தில் அத்தொழிலாளியின் பெயர் இல்லை. அவரை அழைத்து வந்தவர் இல்லை. நிலத்துக்காரரும் இல்லை. இம்மூன்றும் இல்லாத படம் இரக்கத்தை எழுப்பலாம். உண்மையைச் சொல்லாது என்பது எம் கருத்து. அக்கருத்துக்கான காரணங்களையே இங்கு எழுத முற்படுகிறோம்.

முதலில், வருபவர் யார் என்பதை அறிதல் வேண்டும். வங்காளத்துச் சுந்தரவனப் பகுதி ஆற்றுத் தீவுகளால் ஆனது. ஊரைச் சுற்றி மண்கரை கட்டி உவர்நீரைத் தடுத்தே அங்கு நெல் விளைவிக்கின்றனர். 2009 மே மாதம் வீசிய அய்லா புயலில் கரைகள் உடைந்து கடல்நீர் வயல்களில் புகுந்தது. உப்பேறிய நிலம் பல பருவங்களுக்கு நெல்லைத் தாங்கவில்லை. நிலம் தேறி வந்த நிலையில் 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவே, ஆம்பன் புயல் மீண்டும் கரைகளை உடைத்தது. சொந்த வயலில் நாற்று ஊன்ற இயலாத உழவர் பிறர் வயலில் நாற்று நடப் புறப்பட்டனர். ஆகவே நம் வயலில் நிற்பவருள் பலர் வேறு வேலை தெரியாமல் இதற்கு வந்தவர் அல்லர். நெல்லை நம்மைப் போலவே, சிலபோது நம்மினும் நன்றாக, அறிந்தவர். கடலூர் மாவட்டத்தார்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கங்களில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தபோது, மரத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். மரம் மீண்டும் காய்க்க ஆண்டுகள் ஆகும். வயிறு அதுவரை காத்திராது.

இனி, பெயரை ஏன் இத்துணை வற்புறுத்துகிறோம் என்பதற்கு வருவோம். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலாசோர் மாவட்டத்தில், பாகநாகா பஜார் நிலையத்தின் அருகே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு ரயில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த ரயிலில் தென்மாநிலங்களுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த வங்காளத் தொழிலாளர் மிகப் பலர். சுந்தரவனப் பகுதியிலிருந்து தமிழ்நாட்டு வயல்களில் வேலை செய்யப் புறப்பட்டு வந்த உடன்பிறந்தார் மூவர் ஒருங்கே மாண்ட செய்தியும் அப்போது வந்தது. முன்பதிவு செய்த பயணியின் பெயர் ரயில்வேயின் பட்டியலில் இருக்கும். பொதுப்பெட்டிச் சீட்டில் ஊர் உண்டு, கட்டணம் உண்டு, பெயர் இல்லை. இறந்தோருள் 28 பேரின் உடல்களை உரிமை கோரி எவரும் வராமையால், நான்கு மாதங்கள் குளிர்பதனத்தில் வைத்திருந்து, அவ்வாண்டு அக்டோபரில் புவனேசுவரம் மாநகராட்சியே எரியூட்டியது. அந்த 28 பேர் எங்கே போய்க்கொண்டிருந்தனர், எவருடைய வேலைக்குப் போய்க்கொண்டிருந்தனர் என்பதை இனி எவரும் அறியார்.

பெயரற்ற கூலியாளாகக் கடல் கடந்து சென்ற அனுபவம் தமிழர்க்குப் புதிதன்று. தென்னார்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை, மதுரை மாவட்டங்களிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றவர்கள் கங்காணியின் கணக்கில் ஆள் எண்ணிக்கையாகவே இருந்தனர். வழிச்செலவும் முன்பணமும் கடனாக எழுதப்பட்டன. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டுமாயின், அக்கடன் தொகையைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டை வைத்தே ஆள் கைமாறினார். 1921இல்தான் அத்துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. நாள்தோறும் விடியலில் பெரட்டுக்களத்தில் நின்று எண்ணப்பட்ட தலைகளுக்கு ஏற்பக் கங்காணிக்குக் காசு கிடைத்தது.

அத்தோட்டங்களைக் காட்டும் புகழ்பெற்ற ஆவணப்படம் ஒன்று உண்டு. பேசில் ரைட் இயக்கி 1934இல் வெளிவந்த 'சாங் ஆஃப் சிலோன்' என்பது அதன் பெயர். நாற்பது நிமிட அளவுள்ள அப்படம் இலங்கைத் தேயிலை விளம்பரக் குழுவின் பொருட்டு எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிரசல்சில் பரிசும் பெற்றது. ஒளிப்பதிவின் அழகை இன்றும் திரைப்பட மாணவர்க்குப் பாடமாகக் காட்டுவர், அது தகும். இலங்கையில் பல்லாண்டு சிறைப்பட்டிருந்த இராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளே அதில் வருணனையாக ஒலிக்கின்றன. வாணிகத்தைப் பற்றிய பகுதியில் சரக்கு விலையும் வணிகக் கடித வாசகங்களும் ஒலிக்க, திரையில் கொழுந்து கொய்யும் கைகள் அசைகின்றன. பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் பேசுகிறார். இலண்டன் சந்தை பேசுகிறது. கூடை சுமந்தவள் பேசவில்லை. இயக்குநர் கெட்ட எண்ணத்தால் அவ்வாறு செய்தார் என்று நாம் சொல்லவில்லை. வணிகக் குரல்களுக்கு எதிரே உழைப்பை வைத்துக் காட்டியதில் அவருடைய மறைமுகமான விமரிசனமும் இருக்கலாம். ஆனால் அப்படம் வந்து 14 ஆண்டுகளில், 1948இல், இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் அக்கூடை சுமந்தவளின் மக்களை நாடற்றவர் ஆக்கியது. 'நீங்கள் இந்நாட்டினர் என்பதற்குச் சான்று எங்கே' என்று கேட்கப்பட்டபோது காட்டுவதற்கு அவர்களிடம் தாள் இல்லை. 1964இல் சிறிமாவோ, சாத்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என அவர்களைப் பங்கிட்டது. தம்மைப் பற்றிய அப்பேச்சிலும் அவர்கள் குரல் கேட்கப்படவில்லை.

இதற்கு மாறாக, குரலைக் கேட்ட படம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1960 நவம்பர் 25 அன்று, அமெரிக்கர் நன்றி தெரிவிக்கும் திருநாளுக்கு மறுநாள், சி.பி.எஸ். தொலைக்காட்சி 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்' என்னும் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. எட்வர்டு மரோ அதன் விவரிப்பாளர். டேவிட் லோ அதன் தயாரிப்பாளர். திருநாள் விருந்து உண்டு களைத்திருந்த வீடுகளுக்குள், அவ்விருந்துக்கான காய்கனிகளைப் பறித்தவர்கள் வந்து நின்றனர். நாளைத் தேர்ந்தெடுத்ததிலேயே படத்தின் பாதி வேலை முடிந்துவிட்டது எனலாம்.

படம் புளோரிடாவில் ஆள் எடுக்கும் களத்தில் தொடங்குகிறது. லாரிகளின் மேல் நின்று கூலியைக் கூவி ஆட்களை ஏற்றுகின்றனர். சந்தையில் மாடு பிடிப்பது போன்ற அக்காட்சியைக் காணும் தமிழர்க்குப் பெரட்டுக்களம் நினைவுக்கு வராமல் இராது. பின்னர்ப் பயிர் விளையும் திசையெல்லாம் வடக்கு நோக்கி நகரும் குடும்பங்களைப் படம் தொடர்கிறது. விடியலில் சென்று மாலையில் திரும்பிய தாய் ஒருத்தியிடம் அன்றைய கூலி எவ்வளவு என்று கேட்கின்றனர். ஒரு டாலர் என்கிறாள். குழந்தைகளைக் காப்பகத்தில் விட்டால் அக்கூலி அதற்கே போய்விடும் என்பதால் மூத்த சிறுவன் வீட்டில் தங்கித் தம்பி தங்கையரைக் காக்கிறான். எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி, எத்தனை பிள்ளைகள் என்று கணக்கையே அப்படம் கேட்கிறது. கண்ணீர் அக்கணக்கிலிருந்து தானே வருகிறது. அத்துடன் நிற்கவில்லை. பண்ணையாளர் சங்கத்தின் தலைவரும் பேசுகிறார். அந்நாட்டுத் தொழிலாளர் துறைச் செயலரும் பேசுகிறார். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமும் 1938ஆம் ஆண்டின் கூலிச் சட்டமும் வயல் தொழிலாளரை வெளியே நிறுத்தியிருந்தன. அந்நிலைக்குப் பொறுப்பானவர்கள் படத்துக்குள் வந்து விடை சொல்ல வேண்டியதாயிற்று. எம் மாணவர் இப்படத்திலிருந்து கற்க வேண்டியது இதுவே.

இப்படத்துக்கு ஒரு பின்கதையும் உண்டு. 1961இல் மரோ அதிபர் கென்னடியின் அழைப்பை ஏற்று அமெரிக்க அரசின் செய்தி நிறுவனத்துக்குத் தலைவரானார். அவ்வேளையில் பிரிட்டனின் பி.பி.சி. அதே படத்தை ஒளிபரப்ப முனைந்தது. நாட்டின் பெயர் கெடுமே என்று அஞ்சி, ஒளிபரப்ப வேண்டா என அந்நிறுவனத்தின் தலைவரிடம் மரோவே கேட்டுக்கொண்டார். அவர்கள் இணங்கவில்லை; படம் ஒளிபரப்பாயிற்று. நாற்காலி மாறினால் கண்ணும் மாறும் போலும். மரோ போன்ற ஒருவருக்கே அது நேர்ந்தது என்றால், ஊரில் நிலபுலம் உடைய குடும்பங்களிலிருந்து வந்து படம் எடுக்கப் போகும் மாணவர் தம்மைப் பற்றிச் சற்று ஐயுறுவது நல்லது.

ஏனெனில் இப்படத்தில் மாணவர் சந்திக்கப் போகும் முதல் இடர் வேற்றூரில் இல்லை. தம் தெருவிலேயே இருக்கிறது. வடமாநிலத்தவர் வந்ததால் நடவுக் கூலியை இழந்த நம் ஊர்ப் பெண்கள் இருக்கின்றனர். 'எங்கள் கை நட்ட வயலில் இன்று எவரோ நடுகிறார்' என்று அவர்கள் மனம் வெதும்புவதை நாம் கேட்டிருக்கிறோம். அதைப் பொறாமை என்று தள்ளுவது அறமாகாது. உள்ளூரார் கூலி உயர்த்திக் கேட்கும்போது வெளியூராரை இறக்குவது இந்நாட்டில் பழைய வழக்கம். கீழத்தஞ்சையில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட காலத்தில் அறுவடைக்கு வெளியாட்களைக் கொண்டுவந்ததும் அங்கு மூண்ட பகைக்கு ஒரு காரணம். அப்பகை 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 உயிர்களை ஒரு குடிசையில் எரித்ததில் போய் முடிந்தது. அதைப் பற்றிப் பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த 'ராமய்யாவின் குடிசை' என்னும் ஆவணப்படம் 2005இல் வந்தது. உயிர் பிழைத்தவர்களையும் அக்காலத்தை நேரில் கண்டவர்களையும் முகத்துக்கு நேரே அமர்த்திப் பேச வைத்த படம் அது. வங்காளத்தவரைப் பற்றிய படத்தில் நம் ஊர் நடவுப் பெண் ஒருத்தி அவ்வாறு அமர்ந்து பேசவேண்டும் என்பது எம் விருப்பம். இருவரையும் மோதவிட அன்று. ஒரே வயலுக்கு இரண்டு கூலி எவ்வாறு வந்தது, நடுவில் மிஞ்சியது எவர் மடியில் விழுந்தது என்பது இருவரும் பேசினால்தான் வெளிப்படும். நூறு நாள் வேலை வந்து ஆட்களைக் கெடுத்துவிட்டது என்று திண்ணையில் பேசுவோர் இந்தக் கணக்கைப் பேசக் கேட்டதில்லை.

படம் எடுப்பதில் அவசரம் கூடாது என்பதற்கு 2023 மார்ச் மாதமே சான்று. பீகார்த் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுகின்றனர் என்று சில காணொளிகள் அப்போது பரவின. வேறிடங்களில் வேறு காரணங்களால் நிகழ்ந்தவற்றை வெட்டி ஒட்டிய பொய்கள் அவை. ஆயினும் அச்சம் பொய்யாகவில்லை. தொழிலாளர் பலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையங்களுக்கு ஓடினர். பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. தமிழ்நாட்டுக் காவல்துறை வதந்தி பரப்பியோர்மீது வழக்குத் தொடுத்தது. பெயரும் ஊரும் நாளும் இல்லாத சில நொடிப் படம் இத்தனையும் செய்யவல்லது. பெயரும் ஊரும் நாளும் உள்ள பத்து நிமிடப் படம் அதற்கு மாற்றாக இருக்கலாம்.

அப்பத்து நிமிடத்தில் எதைக் கேட்பது? ஊரில் வாங்கிய முன்பணம் எவ்வளவு, ரயில் செலவு எவர் கணக்கு, ஏக்கர்க் கூலியில் அழைத்து வந்த மேஸ்திரியின் பங்கு என்ன, மழையால் வேலை நின்ற நாளில் சோறு எவர் போட்டார், காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலி உண்டா, பாம்பு தீண்டினால் எந்த மருத்துவமனை என்று கேட்கலாம். இவை சுவையற்ற கேள்விகள்தாம். ஆனால் சட்டமே இவற்றைக் கேட்டிருக்கிறது. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடைப்பட்ட புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஐவரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்யும் இடங்களுக்கு உரியது. அழைத்து வரும் ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் படம் ஒட்டிய கணக்குப் புத்தகம் ஒன்று தரவேண்டும். அதில் கூலியும் ஊர் திரும்பும் செலவும் எழுதப்பட வேண்டும் என்று அது விதித்தது. அப்புத்தகத்தை வரப்பில் எவர் கையிலும் நாம் கண்டதில்லை. அச்சட்டம் 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் கரைந்து, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதில் ஐவர் என்பது பதின்மர் ஆயிற்று. எட்டுப் பேராக வரும் நடவுக் குழு எந்தக் கணக்கிலும் சேராது போகும். படமாவது அவர்களுடைய கணக்குப் புத்தகமாக இருக்கட்டும் என்பதே எம் ஆசை.

நிலத்துக்காரரும் படத்தில் வரவேண்டும் என்றோம். அவர் நம் உறவினராக இருக்கலாம். இம்மலரைப் படிக்கும் பெரியவராகவும் இருக்கலாம். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணிக்கும் நபிமொழியை மேடைதோறும் கேட்டு வளர்ந்த நமக்கு, மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டேன் என்னும் விடை போதுமா? நம் ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்று 'மஸ்ரா' எனப்படும் பண்ணைகளில் பேரீச்சை மரம் ஏறுவோரையும் ஆடு மேய்ப்போரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2021இல் சவூதி அரேபியா தொழிலாளர் வேலை மாறுவதை எளிதாக்கிய சீர்திருத்தத்தில் வீட்டு வேலையாளரும் பண்ணையாளரும் இடையரும் விடுபட்டனர். பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' 2008இல் மலையாள நாவலாக வந்தபோதும் 2024இல் திரைப்படமானபோதும் நாம் நெஞ்சு பதறினோம். அப்பதற்றத்தில் சிறிது மங்கலம்பேட்டைச் சாலையோரத்து மோட்டார்க் கொட்டகைக்கும் உரியது.

இங்கு எம் வாதத்துக்கே எதிரான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள் என்றோம். 2025இல் அரியானா, ஒடிசா முதலிய மாநிலங்களில் வங்காளம் பேசும் தொழிலாளர் பலர், பெரும்பாலும் முஸ்லிம்கள், வங்கதேசத்தவரோ என்னும் ஐயத்தில் பிடித்து வைக்கப்பட்டனர். அக்காலத்தில் முகத்தையும் பெயரையும் ஊரையும் திரையில் காட்டுவது அவருக்கே தீங்காகலாம். அதை அறியாத அன்பு ஆபத்தானது. ஆகையால் பெயரை அறிதல் வேறு, காட்டுதல் வேறு எனக் கொள்ளவேண்டும். படம் எடுப்பவர் பெயரை அறிந்து, குறிப்பேட்டில் எழுதி வைத்து, திரையில் எதைக் காட்டலாம் என்பதை அவரிடமே கேட்க வேண்டும். வேண்டா என்றால் கைகளை மட்டும் காட்டலாம்; குரல் அவருடையதாக இருக்கட்டும். அவர் சொல்வதைத் தமிழில் வேறொருவர் உரக்கப் பேசி மூடிவிடாமல், வங்காளமே ஒலிக்க, கீழே எழுத்தாகத் தமிழைத் தருவது முறை.

படம் முடிந்ததும் முதலில் காண வேண்டியவர் அவர். கல்லூரி அரங்கில் விருந்தினர்முன் திரையிடுவதற்கு முன்னர், களத்துமேட்டில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி அவர் குழுவினர்க்குப் போட்டுக் காட்டட்டும். நீக்கச் சொல்வதை நீக்கிவிடட்டும்.

கருவிக்குக் குறைவில்லை, மாணவர் கைகளில் உள்ள கைப்பேசியே போதும். தேவைப்படுவது வங்காளமும் தமிழும் அறிந்த ஒருவர். நம் வட்டாரத்தில் பல ஆண்டுகளாகத் தங்கிக் கொத்து வேலை செய்யும் வங்காளத்தவருள் தமிழ் பேசப் பழகியோர் சிலர் உளர். வெள்ளிக்கிழமைத் தொழுகையில் கடைசி வரிசையில் நிற்பவரை இம்முறை நின்று விசாரித்தால் ஒருவர் கிடைப்பார். நடவு முடிந்தால் குழு வேறு ஊருக்குப் போய்விடும். மாணவர் அதற்குள் தொடங்க வேண்டும்.